1956 எஃப்-100க்குக் கிராஸ் வாங்கிய கதை

கியர் மாற்றும்போதெல்லாம் வண்டிக்கு அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். ஆரம்பம் அதுதான். பின்னால் ஆக்ஸிலையே மாற்றுகிற வரைக்கும் அது என்னை இழுத்துக்கொண்டு போகும் என்று அப்போது தெரியாது.

வண்டி 1956 ஃபோர்டு எஃப்-100 பிக்கப். முன்கண்ணாடி இரண்டு பக்கமும் வளைந்து கதவு வரை வருமே, அந்த வருட மாடல். மிச்சிகனில் எங்கள் வீட்டு கராஜில் பாதி இடத்தை இரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு 302 வி8 போட்டு, அதன் பின்னால் மஸ்டாங்கிலிருந்து எடுத்த டி-5 ஐந்து கியர் பெட்டியும் மாட்டியிருந்தார். பின் ஆக்ஸில் மட்டும் ஃபேக்டரியில் போட்ட டானா 44, 3.92 ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.92 சுற்று), டிரம் பிரேக், இரண்டு பக்கமும் சீல் கசிவு. சரி, முதலில் கிராஸை மாற்றிப் பார்ப்போம், அப்புறம் மற்றதெல்லாம் என்று படுத்தேன் வண்டிக்கு அடியில்.

கிராஸ் என்றால் யூனிவர்சல் ஜாயிண்ட்: கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாஃப்டை அதன் முனையில் மடங்கிச் சுற்ற விடுவது. ஊரில் லாரிப் பட்டறைகளில் யாரும் யூனிவர்சல் என்று சொல்லிக் கேட்டதில்லை. ஷாஃப்ட் மொத்தமும் 'ஜாயிண்ட்', நடுவில் இருக்கிற சிலுவைத் துண்டு 'கிராஸ்', பின் ஆக்ஸில் 'ஹவுசிங்'. சங்ககிரியில் சித்தப்பா பட்டறையில் பள்ளி லீவு நாட்களைக் கழித்தவன் நான். இங்கே கடையில் நின்று 'யூ ஜாயிண்ட்' என்று கேட்கும்போது வேறு எதையோ வாங்குகிற மாதிரியே இருக்கிறது. இந்தப் பதிவில் கிராஸ் என்றே எழுதுகிறேன்.

முன்பக்கக் கிராஸில் ஆட்டம் இருந்தது. வெர்னியரை வைத்து அளந்தேன். சிலுவையின் ஒவ்வொரு முனையிலும் மூடி போல ஏறுகிற பேரிங் கப்பின் விட்டம் 1.062 அங்குலம், கப் முனையிலிருந்து எதிர் முனை வரை 3.219 அங்குலம். இந்த இரண்டு எண்ணும் சேர்ந்தால் 1310 சீரிஸ் (கிராஸ் அளவுகளுக்கு இப்படி எண் வைத்திருக்கிறார்கள்), சந்தேகமே இல்லை. ஸ்பைசர் கம்பெனியின் 5-153எக்ஸ் ஒன்றை வாங்கிவந்தேன், சனிக்கிழமை காலை பழையதைத் தட்டி எடுத்தேன், புதியதை ஷாஃப்ட் பக்கத்தில் ஏற்றினேன், கச்சிதம். கியர் பெட்டி பக்கத்து யோக்கில், அதாவது கிராஸைப் பிடிக்கிற இரண்டு காதுக் கவையில், ஏற்றினால் கிராஸ் உள்ளே சும்மா தொளதொளவென்று ஆடுகிறது. இரண்டு காதுக்கும் இடையே கிட்டத்தட்ட பத்து மில்லிமீட்டர் அதிகம்.

கழற்றிப் போட்ட பழையதை எடுத்து இந்த முறை இரண்டு திசையிலும் அளந்தேன். ஒரு திசையில் 3.219, இன்னொரு திசையில் 3.625. அது 1310 இல்லை. ஒரு கை 1310, மறு கை 1330, இரண்டையும் சேர்க்கிற கன்வெர்ஷன் கிராஸ், ஸ்பைசர் கணக்கில் 5-134எக்ஸ். முன்னவர் பழைய ஷாஃப்டின் 1310 முனையை மஸ்டாங்கின் 1330 யோக்கோடு சேர்க்க அதைப் போட்டிருக்கிறார். தப்பு அவருடையது இல்லை, செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறார். சிலுவைக்கு இரண்டு கை உண்டு என்பதை மறந்துவிட்டு ஒரு கையை மட்டும் அளந்த நான்தான் முட்டாள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1310க்கும் 1330க்கும் கப் விட்டம் ஒன்றுதான், அதே 1.062. வித்தியாசம் கையின் நீளத்தில் மட்டும். 1350க்குப் போனால் நீளம் 1330 மாதிரியே 3.625, ஆனால் கப் 1.188க்குத் தடிக்கும். அதாவது 1310லிருந்து 1330க்குப் போகும்போது பேரிங் பெரிதாவதில்லை. ஆனால் அதே முறுக்குவிசையை நீளமான கை தாங்குவதால் ஒவ்வொரு கப்பிலும் விழுகிற அழுத்தம் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைகிறது. 1330லிருந்து 1350க்குப் போகும்போது கை அதேதான், உள்ளே இருக்கிற தண்டும் அதைச் சுற்றி உருளுகிற ஊசி மாதிரியான நீடில்களும் பருக்கின்றன. ஒன்று நெம்புகோல் நீளத்தால் வருகிற பலம், இன்னொன்று இரும்பின் பருமனால் வருகிற பலம். இது போதாதென்று ஃபோர்டுக்காரர்கள் சில 9 அங்குல ஆக்ஸில்களில் 1330 நீளத்திலேயே 1.125 கப்பையும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஜிஎம் வண்டிகளில், கப் நழுவாமல் பிடிக்கிற சர்க்ளிப் வளையமே யோக் காதுக்கு உள்பக்கம் உட்காருகிற வகை உண்டு. அதனால் வண்டி பெயரையும் வருடத்தையும் சொல்லிக் கிராஸ் வாங்காதீர்கள். எழுபது வருட வண்டியில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்களோ, யார் கண்டது. நான்கு அளவு வேண்டும்: இரண்டு கை நீளம், இரண்டு கப் விட்டம். சர்க்ளிப் வெளியிலா உள்ளேயா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அந்த வாரமே ஆக்ஸிலையும் மாற்றிவிடுவது என்று முடிவாகிவிட்டது. எப்படி என்று கேட்டால் சரியான பதில் இல்லை. படுத்திருந்தபோது டிரம்மிலிருந்து எண்ணெய் முகத்தில் சொட்டியது, அவ்வளவுதான்.

இந்த வருட எஃப்-100களுக்குப் பலரும் போடுவது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியின் 8.8 ஆக்ஸில் (உள்ளே இருக்கிற கிரவுன் சக்கரத்தின் விட்டம் 8.8 அங்குலம்). 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரர்களில் டிஸ்க் பிரேக்கோடு வருகிறது, 31 ஸ்பிளைன் (பல்வரி) ஆக்ஸில் தண்டு, அகலம் 59.5 அங்குலம், இந்த லாரியின் தொட்டிக்கு அடியில் அளவெடுத்துத் தைத்த மாதிரி அடங்கும். காயலாங்கடையில் ஒரு முழு வரிசை எக்ஸ்ப்ளோரர் நின்றது. டிஃபரன்ஷியல் மூடியில் தொங்குகிற சின்னத் தகட்டில் 3எல்73 என்று இருந்தால் 3.73 ரேஷியோ, நடுவில் உள்ள எல், ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழலாமல் தடுக்கிற லிமிடெட் ஸ்லிப்பைக் குறிக்கும். நான்காவது வண்டியில் கிடைத்தது. இதன் வீல் போல்ட் வட்டம் 4.5 அங்குலம், முன்பக்கம் ஃபோர்டு டிரக்கின் 5.5. இப்போதைக்கு முன்னும் பின்னும் வேறு வேறு வீல். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

8.8இன் பினியன் (ஷாஃப்டிலிருந்து சுழற்சியை வாங்குகிற பல்சக்கரத் தண்டு) முனையில் யோக் கிடையாது, நான்கு போல்ட் பிடிக்கிற வட்ட ஃபிளாஞ்ச். எக்ஸ்ப்ளோரரின் சொந்த ஷாஃப்டில் அதற்கு எதிரே 1330 கிராஸ் உட்காருகிற ஃபிளாஞ்ச் யோக் இருக்கிறது. காயலாங்கடையில் ஆக்ஸிலை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள், அந்த யோக்கையும் நான்கு போல்ட்டையும் சேர்த்து எடுங்கள். போல்ட் தலை 12 மி.மீ., பன்னிரண்டு முனை. ஆறு முனை சாக்கெட்டோடு போய் நின்றவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் தனியாக யோக் தேடினால் ஃபிளாஞ்சிலேயே இரண்டு அளவு உண்டு என்பதும், உங்களுடையது எது என்று தெரியாததும் அப்போதுதான் உறைக்கும்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் ஒரே அறிவுரை சொன்னார்கள்: '1350 போடு, கவலையே வேண்டாம்.' பக்கத்துத் தெருவில் 1969 செவி சி-10 வைத்திருப்பவர் சொன்னார், ஆபீஸில் இழுவைப் பந்தயம் ஓட்டுகிறவர் சொன்னார். பெரியது இருக்கும்போது எதற்குச் சின்னது என்கிற வாதத்துக்கு யாராலும் உடனே பதில் சொல்ல முடியாது. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

302 நன்றாக இழுத்தால் 300 அடி-பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். டி-5இல் முதல் கியர் 3.35. ஆக ஷாஃப்டுக்கு வரக்கூடியது 1,005 அடி-பவுண்டு. கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் அவ்வளவும் ஷாஃப்டில் ஏற வேண்டுமென்றால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தொட்டி காலியாக இருக்கும் பிக்கப்பின் பின் சக்கரங்களில் என்ன எடை இருக்கிறது? என் வண்டியில் 1,300 பவுண்டுக்குப் பக்கம். காய்ந்த சாலையில் பிடிப்பு 0.8 என்றால் டயர் தரையைத் தள்ளக்கூடியது 1,040 பவுண்டு. டயர் விட்டம் 28 அங்குலம், ஆரம் 14. ஆக்ஸிலில் ஏறத்தாழ 1,210 அடி-பவுண்டு, அதை 3.73ஆல் வகுத்தால் ஷாஃப்டில் 325. அதற்கு மேல் போனால் டயர் கத்திக்கொண்டு சுழலும், கிராஸுக்கு ஒன்றும் ஆகாது. கிளம்பும்போது எடை பின்னால் சாய்வதையும், கிளட்சைப் படாரென்று விடுகிறவர்கள் கொடுக்கிற அடியையும் சேர்த்தால் இந்த எண் கூடும்தான், ஆனால் நான் அப்படி ஓட்டுகிறவன் இல்லை, தொட்டியில் அதிகபட்சம் நாலு மூட்டை மண் ஏறும். ஸ்லிக் டயர் போட்டு ஓட்டுபவருக்கும் பின்னால் படகு கட்டி இழுப்பவருக்கும் இதே கணக்கு வேறு விடை தரும். அவர்கள் 1350 போடட்டும், நியாயம்.

எனக்கு 1350இல் இருந்த உண்மையான தயக்கம் வேறு. நான்கு போல்ட்டில் பிடிக்கிற 1350 ஃபிளாஞ்ச் யோக்கும் விற்கிறார்கள், ஆனால் நண்பர்கள் காட்டியதெல்லாம் வட்ட ஃபிளாஞ்சையே எடுத்து எறிந்துவிட்டு பினியனில் நேராக ஏறுகிற யோக். அதற்குப் பினியன் நட்டைக் கழற்ற வேண்டும். இந்த நட்டுக்கு உள்ளே, இரண்டு பேரிங்குக்கும் நடுவில், நசுங்குவதற்கென்றே செய்த ஒரு ஸ்லீவ் இருக்கிறது. நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்குக்கு வேண்டிய முன்னழுத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும். ஓடிய பேரிங் என்றால் பினியனைச் சுற்ற 8 முதல் 14 அங்குல-பவுண்டு, புதியதென்றால் 16 முதல் 29. அடி-பவுண்டு இல்லை, அங்குல-பவுண்டு; விரலால் சுற்றுகிற அளவு. ஒரு இழு கூடிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரி செய்ய முடியாது, ஸ்லீவ் நசுங்கினது நசுங்கினதுதான், எல்லாவற்றையும் பிரித்துப் புதுசு போட வேண்டும். காயலாங்கடையில் நல்லபடியாகக் கிடைத்த ஒரு கிரவுன்-பினியன் ஜோடியை, எனக்குத் தேவையே இல்லாத பலத்துக்காகக் கலைப்பதா? வேண்டாம் என்று விட்டுவிட்டேன். முன்னால் மஸ்டாங் யோக் 1330, பின்னால் எக்ஸ்ப்ளோரர் யோக் 1330. இரண்டு முனையும் தானாகவே ஒரே அளவில் வந்து நிற்கும்போது நடுவில் நான் ஏன் புகுந்து குழப்ப வேண்டும்.

பழைய ஷாஃப்டையே வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கன்வெர்ஷன் கிராஸ் போட்டிருந்தால் இன்னும் மலிவு. கன்வெர்ஷன் என்றாலே கேவலம் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, அதில் பலவீனமான பக்கம் 1310 அளவுக்குத் தாங்கும், என் 325க்கு அது போதும். ஆனால் ஷாஃப்டை எப்படியும் நீளம் மாற்ற வேண்டியிருந்தது, குழாயும் அடியில் துருப்பிடித்துச் சொறி சொறியாக இருந்தது. ஷாஃப்ட் கடையில் 3 அங்குலப் புதுக் குழாயில் இரண்டு முனையும் 1330ஆகச் செய்யச் சொல்லிவிட்டேன். நீளம் அளக்கும்போது வண்டி நான்கு டயரிலும் தரையில் நிற்க வேண்டும், கியர் பெட்டிக்குள் நுழைந்து நகர்கிற ஸ்லிப் யோக்கை முழுதாகத் தள்ளிவிட்டு அங்கிருந்து முக்கால் முதல் ஒரு அங்குலம் வெளியே இழுத்து வைத்து அளக்க வேண்டும். இதை நான் சரியாகச் செய்தேன். இதை மட்டும்தான் சரியாகச் செய்தேன் என்பது பிறகு தெரிந்தது.

கிரீஸ் நிப்பிள் உள்ளதா இல்லாததா என்று அடுத்த குழப்பம். நிப்பிள் உள்ள கிராஸின் உடம்புக்குள் கிரீஸ் போகத் துளை போட்டிருக்கும், துளை இருந்தால் அந்த அளவுக்கு இரும்பு குறைவு. நிப்பிள் இல்லாதது திடமாக இருக்கும், ஆயுளுக்கும் ஒரே கிரீஸ். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்குகிற வண்டிக்கு நிப்பிள்தான், அடிக்கடி பழைய கிரீஸை வெளியே தள்ளிவிடலாம். என் வண்டி உப்புத் தூவுகிற மாதங்களில் கராஜை விட்டு வெளியே வருவதில்லை, கிரீஸ் கன் எடுக்க எனக்கு நினைவும் இருப்பதில்லை. திடமானதே வாங்கினேன்.

மாட்டும்போது பின்பக்கக் கிராஸில் சர்க்ளிப் உட்காரவில்லை. காடி பாதி மூடியே நிற்கிறது. இன்னும் கொஞ்சம் வைஸில் இறுக்கினால் போய்விடும் என்று கை பரபரத்தது. நல்லவேளை, நிறுத்தினேன். கப்பைக் கழற்றிப் பார்த்தால் ஒரு நீடில் சாய்ந்து கப்பின் அடியில் படுத்திருக்கிறது, தலைமுடி கிளிப் மாதிரி. இறுக்கியிருந்தால் கப் உடைந்திருக்கும். கிரீஸைக் கொஞ்சம் கெட்டியாக அப்பி நீடில்களைச் சுவரோடு ஒட்டவைத்து, கிராஸின் தண்டை கப்புக்குள் பாதி நுழைத்து வைத்துக்கொண்டே அழுத்தினால் சாயாது. எல்லாம் உட்கார்ந்த பின் கிராஸ் இறுக்கமாகத் திரும்பினால் பயப்பட வேண்டாம், யோக்கின் காதில் பித்தளைச் சுத்தியால் ஒரு தட்டு, கப் பின்வாங்கி சர்க்ளிப்பில் சாய்ந்துகொள்ளும், கிராஸ் இளகிவிடும்.

எல்லாம் முடிந்து வண்டி எடுத்தேன். 'டங்' சத்தம் போய்விட்டது. 45 மைல் வரை வெண்ணெய். 55இல் இருக்கைக்கு அடியில் தேனீக் கூடு மாதிரி ஒரு ரீங்காரம்.

முதலில் ஷாஃப்ட் பேலன்ஸைத்தான் சந்தேகப்பட்டேன், கடைக்காரரை மனசுக்குள் திட்டவும் செய்தேன். கியரை நியூட்ரலில் போட்டு உருட்டினாலும் ரீங்காரம் இருந்தது, ஆக எஞ்சின் இல்லை. அப்புறம் கணக்கு: 28 அங்குல டயர் ஒரு மைலுக்கு 720 சுற்று, 55 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு 660, அதை 3.73ஆல் பெருக்கினால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,460 சுற்று, நொடிக்கு 41. பேலன்ஸ் கோளாறு என்றால் சுற்றுக்கு ஒரு முறை உதறும், 41 ஹெர்ட்ஸ். கைபேசியில் ஒலியின் அதிர்வெண் காட்டுகிற செயலியை இருக்கையில் வைத்து ஓட்டினேன், முள் மாதிரி நின்றது 82க்குப் பக்கத்தில். சுற்றுக்கு இரண்டு முறை. அது கிராஸின் வேலை.

கிராஸ் மடங்கிய நிலையில் சுற்றும்போது முன்பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். மடக்கு கூடக் கூட இந்த ஏற்ற இறக்கமும் கூடும், 10 டிகிரியில் ஒன்றரை சதவீதம் மேலும் கீழும். அதனால்தான் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸ் போட்டு, இரண்டு மடக்கையும் சமமாக வைப்பது. முன்னது செய்த கோணலைப் பின்னது நேராக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். முழுக்க நேராகவும் வைக்கக் கூடாது, குறைந்தது அரை முதல் ஒரு டிகிரி மடக்கு இருந்தால்தான் நீடில்கள் உருளும், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே தண்டில் பள்ளம் போடும். அதிகபட்சம் வேகத்தைப் பொறுத்தது: ஸ்பைசர் கணக்கில் 3,000 சுற்றுக்கு 5.8 டிகிரி, 5,000க்கு 3.25தான். 1903இல் இந்த ஜாயிண்டுக்கு காப்புரிமை வாங்கிய கிளாரன்ஸ் ஸ்பைசரின் கம்பெனிதான் பின்னாளில் டானா ஆனது, இன்றைய தலைமையகம் ஒஹையோவில் மாமீ, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

இரவு சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார்.

"ஸ்பிரிங் சீட்டை எப்ப வெல்டு வெச்ச? வண்டி தரைல நிக்கிறப்பவா, தூக்கி வெச்சப்பவா?"

"தூக்கி வெச்சப்பதான் சித்தப்பா. அப்பத்தான வெல்டு கன் உள்ள போவுது."

"ஹவுசிங் தொங்கிட்டு இருந்திருக்குமேடா."

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் குளிர் எப்படி இருக்கிறது, பையன் நன்றாகப் படிக்கிறானா என்று போய்விட்டார்.

தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எக்ஸ்ப்ளோரரின் ஸ்பிரிங் சீட்டுகளை (ஹவுசிங் ஸ்பிரிங் பட்டையில் உட்காருகிற இருக்கைகள்) அறுத்துவிட்டு எஃப்-100இன் ஸ்பிரிங் பட்டைக்குப் பொருந்தப் புதிது வைத்தபோது, வண்டி ஸ்டாண்டில் நின்றது, எடை இறங்காத பட்டைகளோடு பினியனை 3 டிகிரி மேல்நோக்கி வைத்து நானே பெருமையாக வெல்டு அடித்தேன். இறக்கியதும் பட்டை வளைந்து ஹவுசிங் திரும்பிவிட்டது. டிஜிட்டல் கோணமானியை ஒட்டி வைத்துப் பார்த்தேன்: கியர் பெட்டி பின்னால் சாய்ந்து 3 டிகிரி, ஷாஃப்ட் 1 டிகிரி, பினியன் 6.5. முன்கிராஸில் மடக்கு 2, பின்கிராஸில் 5.5. இது போக 8.8இன் பினியன் நடுவில் இல்லாமல் பயணி பக்கம் ஒதுங்கி இருக்கும், என் வண்டியில் கியர் பெட்டிக்கும் அதற்கும் ஒன்றரை அங்குல விலகல். ஐம்பது அங்குல ஷாஃப்டில் அது பக்கவாட்டில் 1.7 டிகிரி. இரண்டு முனையிலும் அது சமம் என்பதால் பிரச்சினை இல்லை, ஆனால் மொத்த மடக்கில் சேரும்: பின்னால் 5.8ஐத் தொட்டுவிட்டது. 1350 போட்டிருந்தாலும் இதே ரீங்காரம்தான் வந்திருக்கும், தடியான கிராஸில்.

வெல்டை அறுக்க மனசில்லை. பட்டைக்கும் சீட்டுக்கும் நடுவில் வைக்க 4 டிகிரி இரும்பு ஆப்பு விற்கிறார்கள், ஒரு ஜோடி வாங்கினேன். அலுமினியத்தில் உள்ளது மலிவு, நசுங்கிவிடும், வேண்டாம். சென்டர் போல்ட்டைக் கொஞ்சம் நீளமானதாக மாற்ற வேண்டியிருந்தது, யூ போல்ட் புதுசு. பினியன் இப்போது 2.5இல் நிற்கிறது. பின்மடக்கு 1.5, முன்மடக்கு 2. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பட்டை முறுகிப் பினியன் கொஞ்சம் மேலே ஏறும், அதற்கும் இடம் இருக்கிறது. எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பை ஆப்பு வைத்தே எடுத்தாயிற்று.

போன ஞாயிறு 70இல் டொலீடோ வரை போய் வந்தேன். காற்றுச் சத்தம் மட்டும்தான், அது 1956 மாடல் கதவு ரப்பர், தனிக் கதை.

முதலில் தப்பாக வாங்கிய அந்த 1310 கிராஸ் அலமாரியிலேயே கிடக்கிறது. யோக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டதால் கடையில் திரும்ப எடுக்கவில்லை. 5-153எக்ஸ், ஓடாதது, நீடில் எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டேன். டெட்ராய்ட் பக்கம் யாருக்காவது பொருந்தும் என்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வருவதற்கு முன் இரண்டு கையையும் அளந்துவிட்டு வாருங்கள்.